அலைவனத்தில் யாரும் சாவதில்லை

அலைவனம் ஒருங்கிணைந்த குடியிருப்பு நகரத்தின் விற்பனை அலுவலகத்தில் ஊரையே செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். முழங்கை உயரத்தில் எட்டுக் கட்டடங்கள், பச்சைப் பஞ்சில் மரங்கள், நீலக் கண்ணாடியில் ஒரு ஏரி. நகக்கண் அளவு மனிதர்கள் ஓடினார்கள், நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார்கள். பிராங்கிளின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெட்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்.

துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் டாலி கிளார்க் வேலை பார்த்தவர் அவர். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது கீழே நின்று நோட்டில் கோடு போடுகிற வேலை. நாலு மூட்டைக்கு நாலு நெட்டைக் கோடு. ஐந்தாவது மூட்டைக்கு அந்த நாலின் குறுக்கே ஒரு கோடு. நல்லபடி வந்தது நோட்டின் இடது பக்கம், கிழிந்ததும் நனைந்ததும் வலது பக்கம். ஓய்வு பெற்ற பிறகும் எதையும் எண்ணாமல் கடந்துபோக அவருக்கு வராது. ஆகவே கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் எண்ணினார். பள்ளிக்கூடம் ஒன்று, கிளினிக் ஒன்று, நீச்சல் குளம் இரண்டு, நாய்களுக்கான பூங்கா இரண்டு. சின்ன மனிதர்கள் இருநூற்றுப் பதினொரு பேர். அதில் கிழவன் என்று ஒருத்தன் இல்லை.

"ஏம்மா, எல்லாம் கீது. கல்லறை எங்க கீது?" என்று கேட்டார்.

விற்பனைப் பெண் சிரிப்பைக் கலைக்காமல், "சார்?" என்றாள்.

"கல்லறைம்மா. இல்லாட்டி சுடுகாடு. எதுனா ஒண்ணு."

"அது பேஸ் ஒன்ல இல்ல சார். பேஸ் த்ரீல கன்சிடர் பண்ணுவாங்க."

"பேஸ் த்ரீ எப்போ?"

"டிமாண்ட் வந்தா சார்."

கத்தாரில் இருந்த மகன் ஜெரி ஏற்கனவே பத்திரம் பதிந்துவிட்டான் என்பதால் பிராங்கிளின் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் மனைவி ஹெப்சிபாவின் நெஞ்சுக்காகத்தான் இந்த வீடு. நாற்பது வருஷம் கண்டெய்னர் லாரிப் புகையைத் தின்ற நெஞ்சு. ராயபுரத்தை விட்டு வெளியே கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீஞ்சூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் நடுவில், எட்டுக் கட்டடமும் இரண்டு நாய்ப் பூங்காவுமாக அலைவனம் காத்திருந்தது.

குடிவந்த அன்றே பிராங்கிளின் ஒரு நோட்டுப் போட்டார். இடது பக்கம் 'நிறை', வலது பக்கம் 'குறை'.

"யோவ், இன்னாயா இது? கப்பல்லேர்ந்து சரக்கு எறக்கறியா?" என்றாள் ஹெப்சிபா.

"ஜெரி போன்ல கேப்பான். எப்படி கீது, நல்லா கீதா இல்லியான்னு. சும்மா வாயால சொல்லக் கூடாது. எண்ணிச் சொல்லணும்."

நியாயமாகவே எண்ணினார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு யாரும் யாருடைய பரம்பரையையும் இழுத்துத் திட்ட வேண்டியதில்லை. இடது பக்கம் ஒரு கோடு. காயப்போட்ட வெள்ளை வேட்டி வெள்ளையாகவே திரும்பி வந்தது. இன்னொரு கோடு. எல்லாவற்றுக்கும் மேலாக, ராயபுரத்தில் ஆறு வருஷமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியவள், இங்கே வந்த நாலாம் நாள் படுத்துத் தூங்கினாள். அதற்கு ஒரு கோடு போதாது என்று நினைத்து ஐந்து கோட்டுக் கட்டாகவே போட்டார். துறைமுகத்தில் அப்படிச் செய்திருந்தால் மெமோ கிடைத்திருக்கும்.

வலது பக்கத்துக்கும் சரக்கு வந்தது. டீக்கடை கிடையாது. டீக்கடை என்றால் டீ மட்டும்தானா? யாருக்கு மகள் பிறந்தாள், யார் மகன் ஓடிப்போனான், எல்லாம் அங்கேதானே தெரியும்? 'எல்லா வசதியும் பத்து நிமிட நடையில்' என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பிராங்கிளின் நடந்து பார்த்தார். இருபத்து நாலு நிமிஷம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சின்ன மனிதர்களை வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று தோன்றியது. பெஞ்சில் உட்கார வேண்டும் என்றால் முதல் நாளே போன் செயலியில் பதிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டுமானாலும் அப்படித்தான். தட்டுகிறவர் பெயரும் தட்டுவதன் நோக்கமும் கேட்கும்.

விதிப் புத்தகம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அலைவனத்தில் அதை முழுக்கப் படித்தவர் பிராங்கிளின் ஒருவர்தான். எழுதியவர்கூடப் படித்திருக்கமாட்டார்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தவர் உடனே உள்ளே போய்ச் சட்டையைத் தேடினார். அவர்கள் இருந்த பிளாக்கின் வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அதன் கீழே ஆறு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி, ஓரத்தில் தண்ணீர்க் கேன். ராயபுரத்தில் விடிகிற நேரத்தில் வாசலை அடைத்து ஷாமியானாவும் நாற்காலியும் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரும் யாரையும் எதுவும் கேட்கமாட்டார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு போய் உட்கார வேண்டும். செத்தது யார் என்பதை உட்கார்ந்த பிறகு தெரிந்துகொள்ளலாம்.

மெயின் கேட்டுக்கு வெளியே, கத்திவாக்கத்திலிருந்து வந்து கெங்கம்மா என்பவள் பூ விற்றுக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் மாலை கேட்டார்.

"யாரு நைனா போனது?"

"தெர்லம்மா. நம்ம பிளாக்கு."

"ஐயோ பாவம். ஆம்பளையா பொம்பளையா?"

"அதுவும் தெர்ல."

"அப்ப ரோஜாவே எடுத்துக்கோ. ரெண்டு பேருக்கும் ஆவும்."

ஆளுயர ரோஜா மாலையோடு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிராங்கிளின் ஷாமியானாவுக்குள் நுழைந்தார். பெட்டியைத் தேடினார். பெட்டி இல்லை. மைக் இருந்தது. "சீனியர் சிட்டிசன் மாலையோடயே வந்துட்டார்!" என்று பேட்ஜ் குத்திய பெண் ஒருத்தி கூவி, அவரை மேடைமேல் தள்ளினாள். அங்கே பளீரென்ற வெள்ளைச் சட்டையில் ஒருவர் கழுத்தைக் குனிந்து காத்திருந்தார். குனிந்த கழுத்தை என்ன செய்வது? போட்டுவிட்டார். கூட்டம் கைதட்டியது.

அவர்தான் குடியிருப்போர் பேரவைத் தலைவர் லோகநாதன். வண்ணாரப்பேட்டையில் நைட்டி மொத்த வியாபாரம். அலைவனத்துக்குள் நுழைந்தால் மட்டும் மேடைத் தமிழ் பேசுவார்.

"நண்பர்களே!" என்று மாலையோடு தொடங்கினார். "மற்ற ஊர்களிலே மக்கள் பிறக்கிறார்கள், பிறகு வீடு தேடுகிறார்கள். இங்கே வீடு முதலில் வந்தது. அதற்குப் பொருத்தமான மக்களை நாம் தேர்ந்தெடுத்தோம்! இங்கே யாராவது குறை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க முடியாது. ஏனென்றால், குறை சொல்வதற்கான இடத்தையே நாம் திட்டமிடவில்லை!"

கைதட்டல்.

"வரும் ஆண்டு 'இனிய நகர்' விருதுக்கு நாம் விண்ணப்பிக்கிறோம். அதிலே முக்கியமான கேள்வி ஒன்று. வளாகத்துக்குள் நிகழ்ந்த மரணங்கள் எத்தனை? ஐந்து ஆண்டுகளாக நம் பதில் என்ன? சுழியம்! காற்றோட்டம், வடிகால், பசுமை. இவை சேர்ந்தால் மனிதன் ஏன் சாகப் போகிறான்?"

அதற்குப் பிறகு எல்லோருடைய செயலிக்கும் நிறை-குறைப் படிவம் வந்தது. நிறைகளுக்குப் பத்துக் கட்டம், பத்தையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். குறைகளுக்கு ஒரே கட்டம். அதில் எழுத முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 'எதுவும் இல்லை.' 'பிறகு சொல்கிறேன்.'

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது ஹெப்சிபா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமி இருமி மறுபடி சிரித்தாள். "சாவு மாலைய உயிரோட கீறவன் கயுத்துல போட்டுட்டு வந்துகீறியே, யோவ்! அந்தாளு அதையும் வாங்கிகினு சாவே இல்லன்னு பேசியிருக்கான் பாரு!"

இரண்டு மாதம் கழித்து ஒரு பகல். முன்பக்கத்துப் பெஞ்சுகள் எல்லாம் பதிவாகியிருந்ததால் இருவரும் கட்டடத்தின் பின்பக்கம் பம்ப் ரூம் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். எதிரே சி பிளாக்கின் சர்வீஸ் லிப்ட் திறந்தது. உள்ளே ஈரக்குப்பை டிரம் இரண்டு, கால் உடைந்த சோபா ஒன்று, இவற்றுக்கு நடுவே ஸ்ட்ரெச்சரில் ஒரு உடம்பு. முகத்தோடு சேர்த்துப் பூப்போட்ட புதுத் துணியால் மூடியிருந்தார்கள். விளிம்பில் தையல் இல்லை. நேரே கடைத் துணிச் சுருளிலிருந்து கிழித்த துணி. துப்புரவுக்காரர்கள் இருவர் முதலில் டிரம்களை இறக்கினார்கள், பிறகு அதை. மூன்றாம் கேட்டில் ஒரு வேன் நின்றது. அழ ஆளில்லை. ஒரு ஊதுவத்தி இல்லை. வேன் போன பிறகு மறுபடி டிரம்களை ஏற்றினார்கள்.

பிராங்கிளின் எழுந்து நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். விதி அறுபத்து மூன்று அவருக்கு மனப்பாடம். 'கட்டில், பீரோ, கட்டடக் கழிவு, ஈரக்குப்பை மற்றும் அசைவற்ற பிற உருப்படிகள் சர்வீஸ் லிப்ட், மூன்றாம் கேட் வழியாக மட்டுமே கொண்டுசெல்லப்பட வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேர முன்னறிவிப்பு அவசியம்.' 'அசைவற்ற பிற உருப்படிகள்' என்றால் என்ன என்று அவர் பலமுறை யோசித்திருந்தார். தொட்டிச் செடியாக இருக்கும் என்று நினைத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் லோகநாதன் மொட்டைத் தலையோடு எதிரே வந்தார். "திருப்பதி போயிருந்தேன் பிராங்கிளின் சார். நகரின் நன்மைக்காக."

அவர் போன பிறகு ஹெப்சிபா சொன்னாள்: "திருப்பதிக்குப் போய் வந்தவன் கண்ணு ஏன்யா அப்படி வீங்கிக் கீது?"

அன்று சாயங்காலம் அவள் சாப்பிடவில்லை. கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"உன் நோட்டுல அந்தக் குப்ப டிரம்மு சாவுக்கு எந்தப் பக்கம் கோடு போட்ட?"

"வலது பக்கம்தான்."

"இத பாருயா. எனக்கு ஒண்ணும் வோணாம். பெட்டில வெள்ளிப் பூ வோணாம், பேப்பர்ல போட்டோ வோணாம். என்னை மெயின் கேட்டு வழியா தூக்கினு போவணும். என் தங்கச்சி புருஷன் சிலுவைமுத்து வந்து கிளாரினெட் வாசிக்கணும். குப்ப டிரம்மோட எறக்கின, மேல போயும் உன்கிட்ட பேசமாட்டன்."

"சும்மா இரு ஹெப்சி."

"சொல்லு."

"மெயின் கேட்டு," என்றார் பிராங்கிளின்.

மழைக்காலம் முடிந்து பனி இறங்கியபோது அவள் உடம்பும் இறங்கியது. அந்தச் செய்தி பேரவைக்கு எப்படியோ போயிற்று. ஒரு நாள் மேலாளர் எழில்மொழி பழக்கூடையோடு வந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். விதிகளைத் தாலாட்டு மாதிரி இழைத்துச் சொல்கிற குரல்.

"மேடம், உங்களுக்கு முடியலன்னா உடனே ஆஸ்பத்திரி போயிடுங்க. அசோசியேஷன் ஆம்புலன்ஸ் இருபத்து நாலு மணி நேரமும் ரெடி. மெயின் கேட்லயே வரும். ஒரே ஒரு கண்டிஷன், முன்னாடியே போயிடணும்."

"எதுக்கு முன்னாடி?" என்றாள் ஹெப்சிபா.

"முன்னாடி மேடம்."

ஹெப்சிபா கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "துன்னு கண்ணு. எனக்கு ஆஸ்பத்திரி வாசன புடிக்காது."

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில், தன் கட்டிலில், காலை நீட்டிப் படுத்தபடி ஹெப்சிபா போனாள். ராயபுரத்தில் இருந்திருந்தால் உட்கார்ந்துகொண்டு போயிருப்பாள். பிராங்கிளின் அவள் கண்ணை மூடிவிட்டு, மகனுக்குப் போன் செய்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் கீழே மேலாளர் அறைக்குப் போனார்.

எழில்மொழியின் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"ரொம்ப சாரி சார். மூவ்-அவுட் படிவம் ஒண்ணு போடணும். நாப்பத்தெட்டு மணி நேரம் முன்னாடி போடணும். நேத்து முந்தாநாள் போட்டிருந்தீங்கன்னா இப்ப ஈசியா இருந்திருக்கும்."

"நேத்து கேட்டிருந்தாகூட அவ சொல்லியிருக்கமாட்டாம்மா," என்றார் பிராங்கிளின்.

"அவசரப் பிரிவுல போடலாம் சார். உருப்படியோட விவரம்? மரமா, இரும்பா, கண்ணாடியா, மத்ததா?"

"மத்தது."

"உடையக்கூடியதா?"

பிராங்கிளின் மாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று அவளே தட்டிக்கொண்டாள்.

மகன் மறுநாள் காலைதான் வந்து சேர முடியும் என்பதால் ஐஸ் பெட்டி சொல்லியிருந்தார். கேட்டில் அதற்கும் வகை கேட்டார்கள். பட்டியலில் இருந்ததில் நெருக்கமானது 'குளிர்பதனப் பெட்டி, புதியது' என்பதுதான். ஐஸ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம் காவலாளி உத்தரவாத அட்டை கேட்டான். எதிர் வீட்டார், புது பிரிட்ஜ் வாங்கியதற்குச் செயலியில் வாழ்த்து அனுப்பினார்கள்.

சனிக்கிழமை காலை ஜெரி விமான நிலையத்திலிருந்து வந்து, அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். ஒன்பது மணிக்கு ராயபுரம் வந்தது. இரண்டு வேன், ஒரு மினி லாரி, அறுபத்து மூன்று பேர். துறைமுகத்துப் பழைய கூட்டாளிகள், கோயில் பேண்டுக் கோஷ்டி, முன்னால் ஹெப்சிபாவின் தங்கை சில்வியா, அவள் பின்னால் கிளாரினெட் பையோடு அவள் புருஷன் சிலுவைமுத்து. பிராங்கிளின் கேட்டுக்கு ஓடினார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அவர் போனுக்கு ஆறு இலக்க எண் வர வேண்டும். அதை அவர் காவலாளியிடம் சொல்ல வேண்டும். வெயிலில் நின்று, பிணத்தை மேலே வைத்துவிட்டு, அறுபத்து மூன்று எண்களை அவர் சத்தமாக வாசித்தார்.

"வந்த நோக்கம்?" என்றான் காவலாளி.

"இன்னாபா கேள்வி இது! சாவுக்கு வந்துகீறோம்," என்றாள் சில்வியா.

காவலாளி பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தான். டெலிவரி, டியூஷன், செல்லப்பிராணி பராமரிப்பு, பார்ட்டி. "சாவு இல்லம்மா இதுல."

"இல்லன்னா?"

"கும்பலா வந்தா பார்ட்டிதாம்மா வரும்."

ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் பட்டை கட்டினார்கள். சில்வியா அதைப் படித்தாள். "அக்கா அங்க செத்துக் கீது, கையில பார்ட்டி கெஸ்ட்டுன்னு கட்றான்! கலீஜ் புடிச்ச ஊருடா இது. மாமா, இங்கியா எங்கக்காவ வெச்சிருந்த?"

"காத்து நல்லா கீதும்மா," என்றார் பிராங்கிளின். உண்மையும் அதுதான்.

பத்தரை மணிக்குத் தலைவர் லோகநாதன் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். அன்றைக்குப் பதினொரு மணிக்கு 'இனிய நகர்' விருதின் நடுவர்கள் மூன்று பேர் வருகிறார்கள். வெள்ளைச் சட்டையின் கழுத்து நனைந்திருந்தது.

"பிராங்கிளின் சார், ஆழ்ந்த இரங்கல். அம்மையாரின் இழப்பு, அதாவது, இழப்பு என்ற சொல்லை இன்று ஒரு நாள் தவிர்த்தால் நலம். சர்வீஸ் லிப்ட்டை உங்களுக்காகக் கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறேன். டிரம் இருக்காது. இது விதிவிலக்கு. மூன்றாம் கேட்டிலே வண்டி..."

"மெயின் கேட்டு," என்றார் பிராங்கிளின்.

"சார், திட்டமிட்ட நகரம் என்பது ஒரு ஒழுங்கு. ஒருவர் ஒழுங்கை மீறினால்..."

"அவளாண்ட சொல்லிட்டன் சார். மெயின் கேட்டு."

"ஐந்து ஆண்டுச் சுழியம், சார்! ஐந்து ஆண்டு!"

"மெயின் கேட்டு."

லோகநாதனின் முகம் சிவந்தது, பிறகு கோணியது. மேடைத் தமிழ் எங்கோ கழன்று விழுந்தது.

"இன்னா சார் சும்மா பேஜாரு பண்ற! உன் வூட்ல மட்டுந்தான் சாவா? எங்க நைனாவே தேர்டு கேட்டுலதான் சார் போனாரு! குப்ப டிரம்முக்கு நடுவுல! என் கடை துணியைப் போத்தி நானே அனுப்பி வெச்சன்! கூடப் போவல சார் நானு. ரெண்டு தெரு தள்ளி நின்னு ஆட்டோ புடிச்சிப் போனன். நான் எதுனா வாயத் தொறந்தனா?"

கூடத்தில் அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"தொறந்திருக்கணும் நைனா," என்றாள் சில்வியா. "பெத்தவன் நைனா."

லோகநாதன் அவளைப் பார்த்தார், ஐஸ் பெட்டியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நொடி பார்த்து அவர் போன் அடித்தது. நடுவர்கள் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து மெயின் கேட்டில் நிற்கிறார்கள். அவர் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, தலைமயிரை ஒதுக்கிக்கொண்டார். படியில் கீழே இறங்கியவர் மறுபடி மேடையில் ஏறிவிட்டார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

பிராங்கிளின் காத்திருக்கவில்லை. துறைமுகத்துக் கூட்டாளிகள் ஆறு பேர் தோள் கொடுத்தார்கள். நாலு மாடியும் படிக்கட்டு வழியாகவே இறக்கினார்கள். 'அப்படியே, கொஞ்சம் லூஸ் வுடு, நிறுத்து, போ' என்று கப்பல் சரக்கு இறக்குகிற அதே குரல்கள். வாசலில் சிலுவையை முன்னால் பிடித்து, பின்னால் மெழுகுவத்திகள், அதன் பின்னால் பேண்டு, பேண்டுக்குப் பின்னால் வெள்ளைப் பூவில் மூடிய பெட்டி. பெட்டியை ஒரு கையால் தொட்டபடி பிராங்கிளின், மறுபக்கம் ஜெரி. சிலுவைமுத்து கிளாரினெட்டை உதட்டில் வைத்தார். அலைவனத்தில் அதுவரை கேட்காத ஒரு சத்தம் எட்டுக் கட்டடங்களிலும் மோதித் திரும்பியது. பால்கனிகள் திறந்தன. அத்தனை பேர் அங்கே வாழ்கிறார்கள் என்பது பிராங்கிளினுக்கு அன்றுதான் தெரிந்தது.

மெயின் கேட்டில் நடுவர்கள் இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணுமாகக் கையில் பலகைக் கணினியோடு நின்றார்கள். லோகநாதன் ஊர்வலத்தைப் பார்த்தார். அவரது வாய் இரண்டு முறை திறந்து மூடியது. மூன்றாம் முறை திறந்தபோது தமிழ் திரும்பி வந்திருந்தது.

"இது... நெய்தல் நில மக்களின் மரபு ஊர்வலம்! சுற்றுவட்டாரக் கலாச்சாரத்தை அரவணைப்பது அலைவனத்தின் கொள்கை."

"அந்தப் பெட்டி?" என்றார் ஒரு நடுவர்.

"படகின் குறியீடு ஐயா."

"முன்னாடி சிலுவை மாதிரி..."

"பாய்மரம்."

நடுவர்கள் தலையாட்டிக்கொண்டே கணினியில் ஏதோ தட்டினார்கள். பெண் நடுவர் போட்டோ எடுத்தார். "எல்லாரும் பார்ட்டிப் பட்டை கட்டியிருக்காங்க பாருங்க, நல்ல ஏற்பாடு," என்றார். பிறகு பிராங்கிளினின் பக்கத்தில் நடந்து வந்து, "ஐயா, நீங்க எத்தனை வருஷமா இதுல இருக்கீங்க?" என்று கேட்டார்.

"நாப்பத்தொரு வருஷமா," என்றார் பிராங்கிளின். அவர்களுக்குக் கல்யாணமாகி அத்தனை வருஷம்.

"கண்ணுல தண்ணியே வந்துடுச்சே. அவ்வளவு ஈடுபாடு!" என்று அந்தம்மாள் மனதார வியந்தார்.

தடுப்புக் கம்பி உயரவில்லை. வெளியேற அட்டை காட்ட வேண்டும். பிராங்கிளின் சட்டைப் பையிலிருந்து ஹெப்சிபாவின் அட்டையை எடுத்து இயந்திரத்தில் வைத்தார். "நன்றி, ஹெப்சிபா. இந்த நாள் இனிய நாளாகட்டும்," என்றது இயந்திரம். கம்பி உயர்ந்தது. கேட்டுக்கு வெளியே கெங்கம்மா கூடையோடு எழுந்து நின்று, இருந்த உதிரிப்பூ முழுவதையும் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். இந்த முறை ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. பின்னால் நடுவர்கள் கைதட்டும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தபோது லோகநாதன் மட்டும் கைதட்டவில்லை. மயிர் அப்போதுதான் ஒழுங்காக வளர்ந்திருந்த தலையில் கை வைத்து, மூன்றாம் கேட் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல வெயில் என்பதால் இருக்கலாம்.

காசிமேடு கல்லறையில் அடக்கம் முடிந்தது. நாற்பதாம் நாள் பூசையும் முடிந்து, ஜெரி கத்தாருக்குத் திரும்பிப் போனான். அலைவனத்துக்கு 'இனிய நகர்' விருது கிடைத்தது. எழில்மொழி புதிய விளம்பரப் புத்தகத்தை வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தாள். பிராங்கிளினிடம் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள். 'அலைவனத்தில் வாழ்வதன் நிறைகள்' என்று தலைப்பு. ஏழாவது நிறை: துடிப்பான பண்பாட்டு வாழ்க்கை. பக்கம் முழுக்கப் படம். எட்டாவது நிறை: மரணங்கள், ஆறாவது ஆண்டாகச் சுழியம்.

பிராங்கிளின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தில் இருந்தவர்களை எண்ணினார். சிலுவை பிடித்தவர், பேண்டுக்காரர்கள் ஒன்பது பேர், தோள் கொடுத்தவர்கள் ஆறு பேர், வாயில் முந்தானையை வைத்துக்கொண்ட சில்வியா, பெட்டிக்கு மறுபக்கம் ஜெரி. பெட்டியின் ஓரத்தில் ஒரு கை வைத்தபடி ஒரு கிழவன். அந்த ஊர்க்காரர்கள் அச்சடித்த எதிலும் அதுவரை கிழவன் இருந்ததில்லை.

அன்று செயலியில் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, 'தங்கள் குடும்ப உறுப்பினர் ஹெப்சிபா நாற்பத்து மூன்று நாட்களாக வளாகத்துக்கு வெளியே இருக்கிறார். விரைவில் திரும்ப வாழ்த்துகள்.' மற்றது, இந்தக் காலாண்டின் நிறை-குறைப் படிவம். நிறைக் கட்டங்கள் பத்திலும் 'தண்ணீர் வருகிறது' என்று பத்து முறை எழுதினார். ஏற்றுக்கொண்டது. குறைக் கட்டத்தில் 'பிறகு சொல்கிறேன்' என்பதைத் தொட்டார். நன்றி சொல்லி மூடிக்கொண்டது.

பிறகு சொந்த நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் இடது பக்கம் ஒரு கோடு போட்டார். டாலி நோட்டில் கோட்டுக்கு நேராக விவரம் எழுதுவது வழக்கம். 'ஹெப்சி மெயின் கேட் வழியாகப் போனாள்' என்று எழுதினார்.

வலது பக்கம் ஒரு கோடு போட்டார். 'ஹெப்சி போனாள்' என்று எழுதி, கப்பலின் சரக்கு முழுக்க இறங்கிவிட்டால் போடுவது போல, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கீழே நீளமாக ஒரு கோடு இழுத்தார்.